இரண்டு பேருக்குக் காணும் தட்டு

அன்புள்ள கார்த்திக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கு நானும் அம்மாவும் நலம். அங்கு நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் பிரார்த்தனை. பின்கட்டு ஓடு மாற்றியாயிற்று. அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

நியூயார்க்கில், கிழக்கு 12ஆம் தெருவில் 1908இல் தொடங்கிய ஜான்ஸ் என்ற இத்தாலிய உணவகத்துக்கு நீ என்னை அழைத்துப் போனதை அம்மா திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்கிறாள். பழைய சுவரோவியங்களைப் பற்றியும், உள்ளே பல்லாண்டுகளாக வழிந்து குன்றாக உறைந்து நிற்கும் மெழுகைப் பற்றியும், இறைச்சியோ பாலோ சேராத பண்டங்களுக்கென்றே அவர்கள் தனிப் பட்டியல் வைத்திருப்பதைப் பற்றியும் சொன்னேன். பார்மிஜானோ சீஸைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருளைச் சேர்த்துத்தான் உறைய வைக்கிறார்கள் என்பதை நினைவில் வைத்து, நான் வாய் திறப்பதற்கு முன்பே எனக்கு அந்தப் பட்டியலிலிருந்து உணவு சொன்னாய். பிள்ளை என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று அவளிடம் பெருமையாகச் சொன்னேன்.

ஒன்றை மட்டும் சொல்லவில்லை. பரிமாற வந்த பெரியவர் உன்னைக் கண்டதும் கத்தரிக்காய் பார்மிஜானாதானே என்று கேட்டுவிட்டு, உன் மனைவியைப் பார்த்து நெடுநாள் ஆயிற்றே என்றார். நீ என் கையிலிருந்த பட்டியலை வாங்கி, ஏற்கெனவே சொல்லியாகிவிட்ட பண்டத்தை அதில் மறுபடியும் தேடினாய். மீனா அலுவலக வேலையாகப் பாஸ்டன் போயிருப்பதாக நீ முன்பே சொல்லியிருந்ததால் நான் எதுவும் கேட்கவில்லை.

பொரித்த கத்தரிக்காய் வில்லைகளைத் தக்காளிச் சாறும் சீஸுமாக அடுக்கிச் சுட்ட அந்தத் தட்டு மேசைக்கு வந்தபோதும் ஓரங்களில் கொதித்துக்கொண்டிருந்தது. உன்னால் பாதிக்கு மேல் முடியவில்லை. மீதியை அவர் கேட்காமலேயே அலுமினிய டப்பாவில் கட்டிக் கொடுத்தார். வீட்டில் தண்ணீர் எடுக்கக் குளிர்பெட்டியைத் திறந்தேன். அதே மாதிரி டப்பாக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன.

இரவு ஒன்பது மணிக்கு மேல் அவ்வளவு சீஸ் வேண்டாம், கார்த்தி. தாத்தாவுக்கும் பெரியப்பாவுக்கும் என்ன ஆயிற்று என்பது உனக்குத் தெரியும். அங்கேதான் சாப்பிட வேண்டுமென்றால், மரினாரா மட்டும் விட்ட பாஸ்தா சாப்பிடு. தக்காளி, பூண்டு, ஆலிவ் எண்ணெய் தவிரக் கனமாக அதில் ஒன்றும் இல்லை. நேரத்தோடு போய்ச் சாப்பிடு.

1880க்கும் 1920க்கும் இடையில் அமெரிக்காவுக்கு வந்த சுமார் நாற்பது லட்சம் இத்தாலியரில் பெரும்பாலோர் நேப்பிள்ஸ், கலாப்ரியா, சிசிலி போன்ற தெற்குப் பகுதிகளின் ஏழைகள். அவர்களில் பலர் மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டு வந்து, கூலி வேலை செய்து, விடுதிகளில் கிடைத்ததைச் சாப்பிட்டவர்கள். ஊரில் அபூர்வமாகக் கண்ட இறைச்சி அமெரிக்காவில் கூலிக்கு எட்டியதால், உருண்டைகள் பெருத்து ஸ்பெகட்டியின் மேல் ஏறின. கத்தரிக்காயின் இடத்தில் கோழியும் வந்தது. ஆனாலும் குடும்பங்கள் வந்து சேர்ந்த பிறகுதான், ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்தே சாறு அடுப்பில் கொதிக்க, மத்தியானம் எல்லோரும் ஒரே மேசையைச் சுற்றி உட்காரும் வழக்கம் அங்கே வேரூன்றியது. அந்தத் தட்டுகள் ஒருவர் தனியாகச் சாப்பிடுவதற்கு வைப்பவை அல்ல. இரண்டு பேருக்குத் தாராளமாகக் காணும்.

நீ ஞாயிறு தவறாமல் பேசுகிறாய், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அம்மா எப்போது கேட்டாலும் மீனா குளிக்கிறாள், அல்லது தூங்குகிறாள். எந்தக் கேள்விக்கும் நேராகப் பதில் சொல்கிற பிள்ளை என்று உன்னைப் பள்ளியில் எல்லோரும் மெச்சுவார்கள். அந்தப் பெரியவர் கேட்டதற்கு மட்டும் நீ இன்னும் பதில் சொல்லவில்லை.

மறுபடியும் சொல்கிறேன், நேரத்தோடு சாப்பிடு.

அம்மாவுக்கு விசா கிடைத்துவிட்டது. நவம்பரில் இருவருமாக வருகிறோம். அந்த மெழுகுக் குன்றைத் தானும் பார்க்க வேண்டும் என்கிறாள். அங்கே எத்தனை பேருக்கு மேசை சொல்லிவைக்கப் போகிறாய் என்பதை மீனாவோடு பேசிவிட்டு எனக்கு எழுது. அதுவரை அம்மாவிடம் நான் என்ன சொல்ல வேண்டும் என்பதையும் எழுது.

அன்புடன்,
அப்பா