நாக்கைப் பார்க்கிறோம், ஈறைப் பார்ப்பதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கர்ப்பிணிகளின் உணவு குறித்துத் தங்கள் இணைப்பிதழில் வந்த கட்டுரையில் முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், கேழ்வரகு என எல்லாம் இருந்தன. அவற்றை மெல்ல வேண்டிய பல்லைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கிராம சுகாதார செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற எனக்கு இதைக் குறையாகச் சொல்லத் தகுதியில்லைதான். கர்ப்பிணி வந்தால் எடையும் ரத்த அழுத்தமும் பார்த்து, கீழிமையை இழுத்துப் பார்த்து, ரத்தசோகை தெரிகிறதா என்று நாக்கையும் நீட்டச் சொல்லிப் பார்த்திருக்கிறேனே தவிர, திறந்த அதே வாயில் ஈறு வீங்கியிருக்கிறதா என்று ஒருநாளும் பார்த்ததில்லை.

சென்ற ஆண்டு என் தங்கை மகள் ஐந்தாம் மாதத்தில் எங்கள் வீட்டில் வந்து தங்கியிருந்தாள். காலையில் அவள் பல் துலக்கிய வாஷ்பேசினில் நுரை இளஞ்சிவப்பாகக் கிடந்தது. விசாரித்தால், பிரஷ் பட்டாலே ரத்தம் வருகிறது பெரியம்மா, அதனால் அந்தப் பக்கம் துலக்குவதையே விட்டுவிட்டேன் என்றாள். கடைவாய்ப் பல்லில் வலியும் இருந்திருக்கிறது. அதற்கு முன்பு அவள் போன இரண்டு இடங்களிலும், பிரசவம் முடிந்து வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். மூன்றாவதாகப் பார்த்த பல் மருத்துவர் காரையை எடுத்து, சொத்தையை அடைத்தார். அரை மணி நேர வேலை.

கர்ப்பகாலத்தில் உயரும் ஹார்மோன்களால் ஈறில் ரத்த ஓட்டம் கூடி, பல்லோரம் படியும் அழுக்குக்கு ஈறு வழக்கத்தைவிட அதிகமாக வீங்கிச் சிவக்கிறது. ரத்தத்துக்குப் பயந்து துலக்காமல் விட்டால் அழுக்கு சேர்ந்து வீக்கம் மேலும் கூடுமே அன்றிக் குறையாது. மென்மையான பிரஷ்ஷால் இரண்டு வேளையும் துலக்குவதே வழி. சிலருக்குப் பல் இடுக்கில் சிவந்த சதைக்கட்டி ஒன்று எழும்பும். புற்றுநோயோ என்று வீடே கலங்கிப்போகும். அது புற்றுநோயல்ல, பிரசவத்துக்குப் பிறகு பெரும்பாலும் தானே வற்றிவிடும். ஆனாலும் மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது.

வயிற்றுக் குழந்தை தாயின் பல்லிலிருந்து சுண்ணாம்புச்சத்தை உறிஞ்சிக்கொள்ளும் என்று நம் வீடுகளில் சொல்வது சரியல்ல. பல்லைக் கெடுப்பது மசக்கை வாந்தியோடு மேலேறி வரும் அமிலமும், மாங்காயும் புளியும், நேரங்காலமில்லாத நொறுக்குத் தீனியும்தான். வாந்தி எடுத்த கையோடு பல் துலக்கினால் அமிலத்தில் இளகிய மேற்பூச்சு தேய்ந்துபோகும். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சமையல் சோடாவைக் கலந்து வாய் கொப்பளித்துவிட்டு, அரை மணி நேரமாவது கழித்துத் துலக்க வேண்டும்.

ஈறுநோய் இருந்தால் குறைப்பிரசவம் ஆகிவிடும் என்று பயமுறுத்துவோரும் உண்டு. இரண்டுக்கும் தொடர்பு இருப்பதாகப் பல ஆய்வுகள் சொன்னாலும், அமெரிக்காவில் 823 கர்ப்பிணிகளிடம் நடத்தப்பட்டு 2006இல் வெளியான ஆய்வில், கர்ப்பத்தின்போதே ஈறு சிகிச்சை பெற்றவர்களுக்குக் குறைப்பிரசவம் குறையவில்லை; ஈறு குணமானது, சிகிச்சையால் கெடுதல் ஏதும் நேரவில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது இந்தப் பின்பாதிதான். மல்லாந்து படுக்கச் சிரமமில்லாத நான்கு முதல் ஆறாம் மாதம் வரை வசதியான காலம் என்றாலும், வலியோ சீழோ இருந்தால் எந்த மாதமும் காத்திருக்கத் தேவையில்லை. பல் மருத்துவர் வழக்கமாகப் போடும் மரப்பு ஊசியும் அளவோடு எடுக்கும் பாராசிட்டமாலும் பாதுகாப்பானவை. மருந்துக்கடையில் தாமாக வாங்கி விழுங்கும் இபுபுரூஃபன் போன்ற வலிமாத்திரைகளும், பிறக்கும் குழந்தையின் பல்லில் கறை ஏற்றும் டெட்ராசைக்ளினும்தான் கூடாதவை.

ஒவ்வொரு மாதமும் 9ஆம் தேதி அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்கென நடக்கும் சிறப்புப் பரிசோதனையில், நாக்கைப் பார்க்கும் செவிலியர் டார்ச்சைச் சற்றுத் திருப்பி ஈறையும் பார்த்து எழுதிவைக்க அரசு உத்தரவிடலாம். மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் தரும் ஊட்டச்சத்துப் பெட்டகத்தில் பல்லில் ஒட்டிக்கொள்ளும் பேரீச்சம்பழம் இருக்கிறது. அதனோடு ஒரு மென்மையான பிரஷ்ஷையும் வைத்துக் கொடுத்தால் அரசுக்குப் பெரிய செலவாகிவிடாது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர்,
தஞ்சாவூர் மாவட்டம்.