ஒகேனக்கல் முகாம் பற்றி வசந்திக்கு

முத்தியால்பேட்டை,
புதுச்சேரி.

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் வந்து ரொம்ப நாளாகிவிட்டது. மாசிமகம் முடியட்டும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். வைத்திக்குப்பம் கடற்கரைக்கு இந்தத் தடவையும் சுற்றுப்பட்டு ஊர்ச் சாமியெல்லாம் தீர்த்தவாரிக்கு வந்தன. அம்மாவுக்கு முழங்கால் வலி, கூட்டிப்போக முடியவில்லை. எந்தச் சாமிக்கு என்ன அலங்காரம், யார் யார் வந்தார்கள் என்று கேட்டே என்னைத் துளைத்துவிட்டாள். மகளுக்குப் பெங்களூர் வேலை நிரந்தரமாகிவிட்டது. கல்யாணப் பேச்சை இன்னும் ரெண்டு வருஷத்துக்கு எடுக்கக் கூடாதாம். நீ தலைமையாசிரியை ஆன சேதியை நம் பழைய என்.சி.சி. கூட்டத்துக்கெல்லாம் சொல்லியாயிற்று. எல்லோருக்கும் ஒரே சிரிப்பு, அணிவகுப்புக்கு தினமும் தாமதமாக வந்தவளா என்று.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஆடி மாசத்தில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை ஒகேனக்கல்லுக்கு ரெண்டு நாள் முகாம் கூட்டிப்போகிறோம், என்னென்ன சாமான் வாங்க வேண்டும், பட்டியல் அனுப்பு என்று எழுதியிருந்தாய். சாமான் கிடக்கட்டும். முதலில் தேதியை மாற்று.

தர்மபுரிக்காரி உனக்குக் காவிரியைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை. ஆடியில் உன் ஊரில் வெயில் காயும், குடகிலும் வயநாட்டிலும் மழை கொட்டும். கபினியும் கிருஷ்ணராஜசாகரும் நிரம்பித் திறந்துவிட்டால் ஒகேனக்கல்லில் தண்ணீர் ஏறிவிடும். பிலிகுண்டுலுவில் அளக்கிற நீர்வரத்தைப் பார்த்துத்தான் பரிசலுக்கும் குளிக்கவும் தடை போடுகிறார்கள். தடை போட்டால் உன் முகாமில் பாதி காலி. போடாத நாளிலும் நிம்மதியாக இருக்க முடியாது.

2014 ஜூன் 8 நினைவிருக்கிறதா? ஹைதராபாத் பொறியியல் கல்லூரிப் பிள்ளைகள் இமாசலத்தில் பியாஸ் ஆற்றுப் பாறைகளில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மேலே லார்ஜி அணையிலிருந்து தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். 24 மாணவர்கள் போய்விட்டார்கள். அந்த இடத்தில் நின்று பார்த்தால் ஆபத்தின் அடையாளம் எதுவும் தெரிந்திருக்காது. இங்கேயும் 2024 ஃபெஞ்சல் புயலில் அதைப் பார்த்தோம். நவம்பர் 30 ராத்திரி புயல் எங்கள் தலைமேல் கரையைக் கடந்தது. கடலூர்க்காரர்களைத் தென்பெண்ணை சூழ்ந்ததோ அதற்குப் பிறகுதான், சாத்தனூர் அணையைத் திறந்ததும். ஆற்றங்கரையில் கூடாரம் போடுகிறவள் தன் தலைக்கு மேலிருக்கும் வானத்தை மட்டும் பார்த்தால் போதாது, ஆற்றின் தலைப்பக்கத்தில் என்ன நடக்கிறது என்று விசாரிக்க வேண்டும்.

தை மாசத்துக்குத் தள்ளிவை. வெயில் தணிந்திருக்கும், ஆறும் அடங்கியிருக்கும்.

உன் தாளாளர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். பஸ்ஸுக்கு முன்பணம் கொடுத்தாயிற்று, பெற்றோரிடம் பணம் வாங்கியாயிற்று, சுற்றறிக்கை போய்விட்டது. பிள்ளைகளை வெளியே கூட்டிப்போகிற இந்த வேலையில் நான் பார்த்தவரைக்கும் பிள்ளைகளை ஆபத்தில் தள்ளுவது பெரும்பாலும் இந்த 'ஆயிற்று'தான். காசு கட்டியாச்சு, இவ்வளவு தூரம் வந்தாச்சு, இன்னும் கொஞ்சம்தானே.

அதனால் நாங்கள் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். பிச்சாவரத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போனால், படகில் ஏறுவதற்கு முன்னால் எல்லோர் காதிலும் விழும்படி படகுக்காரரிடம் சொல்வேன்: "அண்ணே, காத்து சரியில்ல, திரும்பலாம்னு நீங்க சொன்னா அந்த இடத்துலயே திரும்பிடுவோம். யாரும் ஏன்னு கேக்க மாட்டோம்." கூட வரும் ஆசிரியர்களையும் அதற்குத் தலையாட்ட வைப்பேன். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் என்ன ஆகும் தெரியுமா? கொண்டல் காற்று எழும்பும். அவர் துடுப்பை நிறுத்தி வாய்க்காலின் வாயைப் பார்ப்பார். ஏதோ சொல்ல வருவார். அதற்குள் ஒரு வாத்தியார், "முழு ரவுண்டுக்குத்தானே காசு குடுத்திருக்கோம்" என்பார். மனிதர் வாயை மூடிக்கொண்டு துடுப்புப் போடுவார். அன்றைக்கு ஒன்றும் ஆகாது, பல நாள் ஒன்றும் ஆகாது. அதுதான் சங்கடமே. நீயும் உன் பரிசல்காரரிடம், சமையல்காரம்மாவிடம், பஸ் டிரைவரிடம் அப்படிச் சொல்லிவை. ஒன்பதாம் வகுப்புப் பெண்ணுக்கும் அந்த உரிமை உண்டு.

நியூசிலாந்தில் 2008 ஏப்ரல் 15 அன்று மங்காடெபோபோ என்ற ஓடைப் பள்ளத்தாக்கில் ஆறு மாணவர்களும் அவர்களுடைய ஆசிரியரும் வெள்ளத்தில் இறந்தார்கள். பேர்பெற்ற பயிற்சி மையம்தான் அழைத்துப்போனது. பத்துப் பிள்ளைகள், ஓர் ஆசிரியர், அனுபவம் குறைந்த ஒரே ஒரு பயிற்றுநர். தண்ணீர் ஏறி ஒரு பாறைத் திட்டில் மாட்டிக்கொண்ட பிறகு அந்தப் பயிற்றுநர் பெண் எந்த முடிவை எடுத்திருந்தாலும் கஷ்டம்தான். மழை வரும் நாளில் உள்ளே போவதா என்பதைக் காலையில் உலர்ந்த தரையில் நின்று மேலதிகாரிகள் முடிவு செய்திருக்க வேண்டும் என்பேன். நம் குரங்கணி மலையேற்றக் காட்டுத்தீயும் அப்படித்தான். 2018 மார்ச், காய்ந்த புல், காற்று, இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள். அதே வருஷம் அரசு மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் கொண்டுவந்தது. மார்ச்சில் புல் காய்ந்திருக்கும் என்பது மட்டும் அதற்கு முன்பே மலையில் எல்லோருக்கும் தெரியும்.

இதையெல்லாம் படித்துவிட்டு முகாமே வேண்டாம் என்று உட்கார்ந்துவிடாதே. பிள்ளைகள் பயப்பட வேண்டும், முட்டியைச் சிராய்த்துக்கொள்ள வேண்டும். பயம் ஒரு பக்கம் இருக்கும், ஆபத்து வேறு பக்கம் இருக்கும், அதை மட்டும் நீ பிரித்துப் பார். பரிசல்காரர் பரிசலைச் சுற்றிவிடும்போது பிள்ளைகள் அலறுவார்கள். லைஃப் ஜாக்கெட் சரியாகப் போட்டிருந்தால் அதில் பெரிய மோசமில்லை. பாசி பிடித்த பாறை ஓரமாக நின்று செல்ஃபி எடுக்கும்போது ஒருத்தியும் அலற மாட்டாள். உன் ஆளை அங்கே நிறுத்து.

லைஃப் ஜாக்கெட் என்றேனே, போட்டால் மட்டும் போதாது. கொக்கியை மாட்டி பட்டையை இழுத்த பிறகு, பிள்ளையின் ரெண்டு தோள்பட்டையிலும் ஜாக்கெட்டைப் பிடித்து மேலே தூக்கிப் பார். மோவாய்க்கும் காதுக்கும் ஏறி வந்தால் தண்ணீரில் அது தனியாக மிதக்கும், பிள்ளை கீழே போகும். எத்தனை கிலோ எடைக்கு என்று உள்பக்கத் துணியில் அச்சடித்திருக்கும், படி. கொக்கி உடைந்து சணல் கயிற்றில் முடிச்சுப் போட்டது எதையும் வாங்காதே. பரிசல்துறையில் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்.

இன்னொன்று, ஆண்கள் எழுதுகிற பாதுகாப்புத் தாள்களில் நான் பார்க்காத விஷயம். பெண் பிள்ளைகள் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். கழிப்பறை எங்கே இருக்கும், எப்படி இருக்கும் என்று தெரியாததால் காலையிலிருந்தே வாயைக் கட்டிவிடுவார்கள். மாதவிலக்கு நாள் என்றால் கேட்கவே வேண்டாம். செஞ்சி ராஜகிரியில் ஏறும்போது பாதி வழியில் தலை சுற்றி உட்காருகிறவளைக் கேட்டுப் பார், பாட்டில் நிறைந்தபடியே இருக்கும். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கொடுப்பது அப்புறம். கழிப்பறையை நீயே முதல் நாள் போய்ப் பார்த்துவிட்டு வந்து, எங்கே நிறுத்துவோம், கதவு தாழ்ப்பாள் இருக்கிறது, நாப்கின் யாரிடம் இருக்கிறது என்று பிள்ளைகளிடம் வெளிப்படையாகச் சொல். அப்புறம் பார், பாட்டில் தானாகக் காலியாகும்.

பெற்றோர் கையெழுத்துத் தாளைப் பற்றிக் கேட்டிருந்தாய். "பள்ளி பொறுப்பல்ல" என்று எழுதி வாங்குவதால் உன் பொறுப்பு எங்கேயும் போய்விடாது. அந்த இடத்தில் வலிப்பு, ஆஸ்துமா, தேனீ கொட்டினால் ஒவ்வாமை, நீச்சல் தெரியுமா என்று கேள். இடி கேட்டால் கரையேறு, கடைசி இடி கேட்டு அரைமணி நேரம் கழித்துத்தான் மறுபடி தண்ணீர். பிள்ளைகளை ஜோடி ஜோடியாகப் பிரித்துவிட்டால் யாராவது காணோம் என்றால் ஜோடிதான் முதலில் கத்தும்.

தாளாளர் முரண்டு பிடித்தால் எனக்கு போன் போட்டுக் கொடு, முன்பணத்தை இழந்தால் எவ்வளவு நஷ்டம் என்று அவரிடமே கணக்குக் கேட்கிறேன். தேதி தைக்கு மாறினால் நானும் வருகிறேன்டி. பரிசல் காசும் மீன் வறுவலும் உன் செலவு.

அன்புடன்,
கோமதி