பேரனோடு நடக்கப் போகிறவனுக்கு

ஸ்காபரோ, கனடா
ஒக்ரோபர் நடுப்பகுதி

அன்பின் மச்சானுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பெற்றோர் இங்கே பிள்ளைகளோடு நீண்ட காலம் தங்குவதற்கான சுப்பர் விசா வந்துவிட்டது, இந்த மாதக் கடைசியில் புறப்படுகிறாய் என்ற இடத்தை மனைவிக்கு இரண்டாம் தரம் வாசித்துக் காட்டினேன். அவளுக்கும் பெரிய சந்தோசம். நாங்கள் நலம். எனக்கு முழங்கால் நோ கொஞ்சம் இருக்கிறது, குளிர் தொடங்கினால் அது கூடும். மற்றபடி குறை ஒன்றும் இல்லை.

பேரன் முதலாம் வகுப்புக்கு வந்துவிட்டான், காலையும் பின்னேரமும் அவனைப் பள்ளிக்கூடம் கூட்டிக்கொண்டு போய் வருவது இனி உன் வேலை என்று எழுதியிருக்கிறாய். இங்கே எங்கள் பக்கத்தில் நிறையப் பிள்ளைகள் அம்மம்மாமாரின், அப்பப்பாமாரின் கையைப் பிடித்துக்கொண்டுதான் வருகிறார்கள். தாய் தகப்பன் விடியவே வேலைக்குப் போய்விடுவார்கள். பள்ளிக்கூடத்துக்கு முன்னால் 'ஸ்டொப்' பலகையைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகளை வீதிக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விடுகிற வேலையில் இருப்பதால் இதைத் தினமும் பார்க்கிறேன். அதனால்தான் உனக்கு இதெல்லாம் இப்போதே எழுத வேண்டும் என்று தோன்றியது. நீ வந்து இறங்கும் நேரம் வருடத்திலேயே கவனம் அதிகம் தேவைப்படுகிற நேரம்.

முதலில் ஒரு விசயம். ஊரில் வாகனங்கள் இடப்பக்கத்தால் ஓடும். வீதியில் இறங்கும்போது நம் தலை தானாகவே வலப்பக்கம்தான் திரும்பும், அறுபது வருடப் பழக்கம் அது. இங்கே வாகனங்கள் வலப்பக்கத்தால் ஓடுகின்றன. கால் வைத்த உடனே உன்னை நோக்கி வரும் கார் இடப்பக்கத்தில் இருந்துதான் வரும். புதிதாக வந்த வயதானவர்கள் வலப்பக்கம் பார்த்துவிட்டு, வாகனம் இல்லை என்று நினைத்துக் காலை எடுத்து வைப்பதை என் கண்ணால் காண்கிறேன். பேரன் கையில் இருப்பான், அவனும் உன்னோடு இறங்குவான். முதலில் இடம், பிறகு வலம், திரும்பவும் இடம். வீட்டில் இருந்தே பழகிக்கொள்.

அடுத்தது சிக்னல் லைற். நடக்கலாம் என்று வெள்ளை மனித உருவம் தெரிந்தாலும் உடனே இறங்காதே. இங்கே சிவப்பு லைற்றிலும் கார் நின்று பார்த்துவிட்டு வலப்பக்கம் திரும்பலாம். அப்படித் திரும்பப் போகிறவர் தன் இடப்பக்கத்தில் இருந்து வாகனம் வருகிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருப்பார். அவருடைய வலப்பக்கத்தில் இருந்து நீயும் பேரனும் இறங்குவது அவர் கண்ணில் படாது. ஓட்டுநரின் முகத்தைப் பார், அவரும் உன்னைப் பார்த்துவிட்டார் என்று தெரிந்த பிறகு நட.

எங்களைப் போன்றவர்கள் நிற்கும் இடத்தில் சட்டம் உன் பக்கம். நாங்கள் பலகையைத் தூக்கிக்கொண்டு இறங்கினால், பிள்ளைகளும் நாங்களும் முழுவதுமாக நடைபாதையில் ஏறும்வரை கார்கள் நிற்க வேண்டும் என்பது 2016 முதல் எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் சட்டம். ஊர் மஞ்சள் கோட்டில் கையைக் காட்டிக்கொண்டு ஓடிக் கடந்தது போல இங்கே ஓட வேண்டாம். ஓடுகிற பிள்ளைதான் விழும்.

இப்போது காலை நேரம் எப்படி என்று சொல்கிறேன். ஒக்ரோபர் கடைசியில் சூரியன் உதிக்கவே ஏழே முக்காலாகும். பிள்ளைகள் வரும் எட்டரை மணிக்கு அது வீட்டுக் கூரைகளுக்கு மேலே கொஞ்சம்தான் எழும்பியிருக்கும். கிழக்கு நோக்கி வரும் காரின் கண்ணாடியில் நேராக அடிக்கும். ஓட்டுநர் கையைக் கண்ணுக்கு மேலே வைத்துக்கொண்டு வருவதை நான் காண்பேன். அந்த நேரம் அவருக்கு வீதி முழுக்க வெள்ளையாகத்தான் இருக்கும், பிள்ளை தெரியாது. வெளிச்சம் நல்லாக இருக்கிறதே என்று நாம் நினைக்கும் நேரம்தான் இந்த ஆபத்து வருகிறது. மழை பெய்து விட்டால் ஈர வீதியும் சேர்ந்து மின்னும்.

நவம்பர் முதலாம் ஞாயிறு விடியப்புறம் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளுவார்கள். அதற்குப் பிறகு காலை கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் பின்னேரம் ஐந்து மணிக்கே இருட்டிவிடும். பள்ளிக்கூடம் மூன்றரைக்குள் முடிந்தாலும், வகுப்புக்கோ நூலகத்துக்கோ கூட்டிக்கொண்டு போய்த் திரும்பும்போது நல்ல இருட்டு. நம் ஆட்கள் குளிர் ஜக்கெற் என்றால் கறுப்பு, இல்லாவிட்டால் கடும் நீலம் என்றுதான் வாங்குகிறார்கள். இருட்டில், மழையில், கறுப்பு ஜக்கெற் போட்ட ஆள் இருப்பதே தெரியாது. உன் மகளிடம் சொல்லி உனக்கும் பேரனுக்கும் வெளிர் நிறத்தில் வாங்கச் சொல். வெளிச்சம் பட்டால் மின்னுகிற பட்டியொன்றைப் புத்தகப்பையில் ஒட்டிவிடுங்கள். விலை மலிவுதான். கழுத்துக்கு நீளச் சால்வை வேண்டாம், விளையாட்டுத் திடலில் சறுக்கியில் ஏறும்போது சிக்கி இறுக்கும். தலையால் போடுகிற கழுத்துறை இருக்கிறது, அது நல்லது.

மேப்பிள் இலைகள் இப்போது கொட்டத் தொடங்கிவிட்டன. எங்கள் தெரு முழுக்கச் செம்மஞ்சள். நீ பார்க்க வேண்டும், அவ்வளவு அழகு. ஆனால் வீதியோரம் குவித்து வைத்த இலைக்குள் பிள்ளைகள் பாய்ந்து ஒளிந்து விளையாடுவார்கள், அங்கே விட்டுவிடாதே. உள்ளே பிள்ளை இருப்பது காரில் வருகிறவனுக்குத் தெரியாது. நனைந்த இலை சறுக்கும், உனக்கும் எனக்கும் அது இன்னும் கவனம்.

பள்ளிக்கூடச் செய்திகள் கொஞ்சம். செப்டெம்பரில் ரெறி பொக்ஸ் ஓட்டம் நடந்தது. புற்றுநோயால் ஒரு காலை இழந்த ரெறி பொக்ஸ் என்ற இளைஞன் 1980 இல் செயற்கைக் காலோடு நாட்டின் கிழக்குக் கரையில் இருந்து ஓடத் தொடங்கி 5,373 கிலோமீற்றர் ஓடினான், அடுத்த வருடம் இறந்துவிட்டான். சின்னப் பிள்ளைகள் அவனுக்காக மைதானத்தைச் சுற்றி ஓடுவதைப் பார்க்க எனக்கு ஒவ்வொரு வருடமும் மனம் நிறைந்துவிடும். செப்டெம்பர் 30 அன்று எல்லோரும் செம்மஞ்சள் சட்டை போட்டு வந்தார்கள். இந்த நாட்டுப் பூர்வகுடிப் பிள்ளைகளைக் குடும்பங்களிடமிருந்து பிரித்து வதிவிடப் பள்ளிகளில் அடைத்ததை நினைக்கும் நாள் அது. 1973 இல் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி பாட்டி வாங்கிக் கொடுத்த புதுச் செம்மஞ்சள் சட்டையோடு போனாளாம், முதல் நாளே அதைக் கழற்றி எடுத்துவிட்டார்கள். பேரன் இதைப் பற்றிக் கேட்டால் மழுப்பாமல் சொல். நம்மைப் போன்றவர்களுக்கு இது விளங்காத கதையா?

ஒன்று மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள். தீயணைப்புப் பயிற்சி இலையுதிர் காலத்தில் மூன்று தடவை நடத்த வேண்டும் என்பது விதி. அதோடு, ஆபத்தான ஆள் வந்தால் என்ன செய்வது என்று கதவைப் பூட்டி, லைற்றை அணைத்து, பிள்ளைகளை மூலையில் சத்தம் போடாமல் இருத்துகிற பயிற்சியும் உண்டு. பேரன் ஒரு நாள் வந்து, "அம்மப்பா, நாங்கள் இன்றைக்கு ஒளிந்திருந்தோம்" என்று சாதாரணமாகச் சொல்வான். அவனுக்கு அது பயிற்சிதான், பயம் இல்லை. உன் மகளுக்கு அப்படி இருக்காது. அவள் படித்த காலத்தில் பள்ளி வளவுக்குள் பங்கர் வெட்டியிருந்தது, பிளேன் சத்தம் கேட்டால் ஓடினார்கள். அவள் முகம் மாறினால் நீ பக்கத்தில் இரு. பிள்ளையிடம் கேள்விகளை அடுக்காதே, ரீச்சர் சொன்னபடி செய்தாயா, கெட்டிக்காரன் என்று சொல்லிவிட்டு விளையாட விடு.

சாப்பாடு. நீ கட்டாயம் கச்சான் அல்வாவும் எள்ளுருண்டையும் கொண்டு வருவாய் என்று எனக்குத் தெரியும். வீட்டில் தாராளமாகச் சாப்பிடலாம், பேரனின் சாப்பாட்டுப் பெட்டிக்குள் மட்டும் வைத்துவிடாதே. கச்சான், எள்ளு, பால் இதெல்லாம் சில பிள்ளைகளுக்கு உயிராபத்தான ஒவ்வாமை தரும். 2003 இல் ஒன்ராறியோவில் 13 வயதுப் பிள்ளை ஒருத்தி பள்ளிக்கூடத்தில் உருளைக்கிழங்குப் பொரியல் சாப்பிட்டு, அதில் பட்டிருந்த பாலின் துளியால் இறந்துபோனாள். அவள் பெயரில்தான் சப்ரினா சட்டம் வந்தது, 2006 இல் இருந்து நடைமுறையில் இருக்கிறது. பகிர்ந்து சாப்பிடு என்றுதான் நாம் பிள்ளைகளை வளர்த்தோம். இங்கே பெட்டிச் சாப்பாட்டை மற்றப் பிள்ளைக்குக் கொடுக்காதே என்று சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. எனக்கும் முதலில் அது மனதுக்கு ஒரு மாதிரித்தான் இருந்தது, ஆனால் தேவை.

மஞ்சள் பஸ் சிவப்பு லைற்றை மின்ன விட்டு நின்றால் நடுவில் தடுப்புப் பிரிவு இல்லாத வீதியில் இரண்டு பக்க வாகனங்களும் நிற்க வேண்டும், நிற்காவிட்டால் முதல் தடவையே 400 முதல் 2,000 டொலர் வரை தண்டம். இருந்தும் நிற்காமல் போகிறவர்கள் இருக்கிறார்கள். பேரனின் கையுறை பஸ்ஸுக்குப் பக்கத்தில் விழுந்தால் குனிந்து எடுக்கப் போகக்கூடாது, ஓட்டுநரிடம் சொல்ல வேண்டும். குனிந்த பிள்ளை அவருக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரர் காரில் ஏற்றிப் போகிறேன் என்றால், சிறுவர் இருக்கை இருந்தால் மட்டும் ஏற்று. எட்டு வயது வரை அது சட்டம், மடியில் வைத்துக்கொண்டு போக முடியாது. தடித்த ஜக்கெற்றைக் கழற்றிவிட்டுத்தான் பட்டியை மாட்ட வேண்டும், இல்லாவிட்டால் பட்டி தளர்ந்திருக்கும்.

ஒக்ரோபர் 31 ஹலோவீன். நீ வந்து இரண்டொரு நாளில் அது வரும், இருட்டில் முகமூடி போட்ட பிள்ளைகள் கதவைத் தட்டினால் திகைக்காதே, சொக்லேட் கொடு. பேரனோடு நீயும் போ. முகமூடி கண்ணை மறைக்கும், முகத்தில் நிறம் பூசிவிடுவது நல்லது. உடுப்பு காலில் தடக்காமல் இருக்கட்டும், கையில் ஒரு ரோர்ச். அமெரிக்காவில் 42 வருட விபத்துப் பதிவுகளைப் பார்த்தவர்கள், அந்த மாலையில் நடந்து போகிறவர்கள் வாகனம் மோதி இறக்கும் ஆபத்து ஒரு வாரம் முன், பின் உள்ள மாலைகளைவிட 43 வீதம் அதிகம் என்று கண்டிருக்கிறார்கள். தெருவைக் குறுக்கும் மறுக்குமாகக் கடக்காமல் ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மற்றப் பக்கம் போங்கள். கிடைத்த இனிப்புகளை வீட்டுக்கு வந்து மகள் பார்த்த பிறகு அவன் சாப்பிடட்டும்.

அப்புறம், பள்ளிக்கூட அலுவலகத்தில் பிள்ளையைக் கூட்டிப் போகக்கூடியவர்களின் பட்டியலில் உன் பெயரை மகள் சேர்த்துவிட்டாளா என்று கேள். பெயர் இல்லாவிட்டால் ரீச்சர் விடமாட்டார், அவரோடு சண்டை பிடிக்காதே, அது நம் பிள்ளைக்காகத்தான். அவனுக்குச் சுகமில்லை என்று வீட்டில் நிறுத்தினால் காலையிலேயே அறிவிக்க வேண்டும், இல்லாவிட்டால் அவர்களே தேடி அழைப்பார்கள்.

நீ வந்த முதல் ஞாயிறு காலை நான் அங்கே வருகிறேன். வீதியில் வாகனம் குறைவாக இருக்கும். மகள் வீட்டு வாசலில் இருந்து பள்ளிக்கூடம் வரை மூன்று பேரும் நடந்து பார்ப்போம். பேரனை முன்னால் விடு, வழி அவனுக்குத்தான் தெரியும். விமானம் எத்தனை மணிக்கு இறங்குகிறது என்று எழுது.

அன்புடன்,
உன் மச்சான்