எங்களுக்கு மேடை வேண்டாம், கூரை வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வேலை ஓய்வு பெற்ற நம்மவர்கள் தொலைக்காட்சிக்கு எதிரே உட்கார்ந்தே தேய்ந்துபோகிறார்கள் என்று சென்ற வாரம் வாசகர் ஒருவர் வருந்தியிருந்தார். பினாங்கில் முப்பது பேராவது அப்படி இல்லை என்று அவருக்குத் தெரிவிக்கலாம்.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு யூத் பார்க்கில் மரத்தடியில் கூடி, சின்ன கிட்டார் போன்ற நான்கு நரம்பு வாத்தியமான உக்குலேலே வாசிக்கிறோம். தொடங்கியபோது ஐந்து பேர். அவர்களிலும் இருவர் நடக்க வந்து, முட்டி வலித்து, எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள். ஆசிரியர் கிடையாது, கட்டணமும் கிடையாது. மூன்று வாரம் பழகியவர் இன்று வந்தவருக்குச் சொல்லித்தருகிறார். வாத்தியத்தின் கழுத்தில் குறுக்கே பதித்த கம்பிகள்தான் மெட்டுகள். கீழ் நரம்பின் மூன்றாம் மெட்டில் ஒரே ஒரு விரலை வைத்து மீட்டினால், பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் முதல் கார்ட் வந்துவிடும். வாத்தியமும் நூறு வெள்ளிக்குள் கிடைக்கிறது. கூட்டம் பெருகியதன் இரகசியம் இவ்வளவுதான்.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் நெடுங்காலம் நுண்ணோக்கியில் கண் வைத்து மின்னணுச் சில்லுகளில் கம்பி ஒட்டிய அக்கா ஒருவர் எங்களிடம் இருக்கிறார். மோதிர விரல் அவருக்கு முழுதாக மடங்காது. சிறு வயதில் தேவாரம் பாடிப் பழகியவர். ஒரு நாள் எந்த மெட்டையும் அழுத்தாமல் நான்கு நரம்புகளையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது மோகன ராகமல்லவா?" என்றார். நாங்கள் விழித்தோம். மேலிருந்து இரண்டாம் நரம்பை ஸட்ஜமாகக் கொண்டால் மற்ற மூன்றும் பஞ்சமம், காந்தாரம், தைவதம். மோகனத்தின் ஐந்து சுரங்களில் பாக்கி ரிஷபம் ஒன்றுதான். அதுவும் அதே நரம்பின் இரண்டாம் மெட்டில் காத்திருக்கிறது. மடங்காத விரலுக்கு வேலையே இல்லை! சுரத்தை அசைத்து இழைக்கும் கமகம் எதிர்பார்க்க முடியாது என்பது உண்மை. புது நைலான் நரம்பு மாட்டினால் நாலைந்து நாளைக்குச் சுருதி நிற்காது. நரம்பை முறுக்கும் பிருடையைத் திருகிக்கொண்டே இருக்க வேண்டும். வீணை கற்றவர்கள் சற்றுத் தள்ளி நின்று கேட்பது நல்லது.

"வெள்ளைக்காரன் விளையாட்டுச் சாமானுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?" என்று சங்கப் பிரமுகர் ஒருவர் முகத்துக்கு நேரே கேட்டார். அவருக்கு அன்று சொல்ல வராத பதிலை இங்கே எழுதுகிறேன். 1879இல் மதீரா தீவிலிருந்து போர்த்துகீசியத் தொழிலாளர்கள் கரும்புத் தோட்ட வேலைக்காகக் கப்பலேறி ஹொனலூலு போய் இறங்கினார்கள். அவர்கள் கொண்டுபோன சிறு நரம்பு வாத்தியம்தான் ஹவாயில் உக்குலேலே ஆனது. அந்தக் காலத்தில் நம் எதிர்க்கரையில், இன்றைய செபராங் பிறையில், கரும்பு வெட்டிக்கொண்டிருந்தவர்கள் யார் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். தோட்டத்து வாத்தியம் தோட்டத்துப் பேரப்பிள்ளைகளின் மடிக்கு வந்திருக்கிறது. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

எண்ணிக்கை முப்பதைத் தாண்டியதும் அதே வட்டாரத்திலிருந்து அன்பும் வந்துவிட்டது. தீபாவளி விருந்துக்கு வந்து வாசியுங்கள், ஒரே நிறத்தில் ஜிப்பா தைத்துத் தருகிறோம், நன்றாக வாசிக்கிற பன்னிரண்டு பேர் மட்டும் போதும் என்றார்கள். எங்களுக்கு அந்தப் பன்னிரண்டில்தான் சிக்கல். மிச்சப் பேரில் அந்த அக்கா இருப்பார், நானும் இருப்பேன். நம்மிடம் எதைத் தொட்டாலும் அது அரங்கேற்றத்தில் போய்த்தான் முடிகிறது. பிள்ளைக்குப் பரதம் என்றால் சலங்கை பூஜை, மிருதங்கம் என்றால் கச்சேரி. தப்பாக வாசிக்க ஓர் இடம் எங்கேயும் இல்லை. எங்கள் மரத்தடியில் அது இருக்கிறது. அதனால்தான் ஆள் சேருகிறது. வரமாட்டோம் என்று சொல்லிவிட்டோம். அவர்களுக்குக் கோபம்தான்.

உதவி செய்ய விரும்புவோருக்கு ஒரு வழி உண்டு. மழை பெய்யும் ஞாயிறுகளில் முப்பது பேரும் ஒரு குடிசைக் கூரைக்கடியில் வாத்தியத்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டு நிற்கிறோம். நரம்பு நனையலாம், மரம் நனையக்கூடாது. நம் மண்டபங்கள் பல அந்த நேரத்தில் பூட்டிக் கிடக்கின்றன. இரண்டு மணி நேரம் திறந்துவிட்டால் போதும், ஒலிபெருக்கி தேவையில்லை. போகும்போது நாற்காலிகளை நாங்களே அடுக்கி, கூட்டிப் பெருக்கிவிட்டுப் போகிறோம்.

இப்படிக்கு,
ஜெலுத்தோங் வாசகி,
பினாங்கு