டால்பின் ஷோ கட்டுரை பத்தி ஒரு வாசகர் கடிதம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை சுற்றுலா பக்கத்துல, வெளிநாடு போனா குடும்பத்தோட கண்டிப்பா பாக்க வேண்டியதுன்னு டால்பின் ஷோவையும் ஓர்கா ஷோவையும் (ஓர்கான்னா கில்லர் வேல்னு சொல்ற, டால்பின் குடும்பத்துல பெரிய கறுப்பு வெள்ளை மிருகம்) போட்டிருந்தீங்க. படிச்சதுலேர்ந்து மனசு ஆறல, அதான் எழுதறேன். டால்பின் சிரிச்சுக்கிட்டே விளையாடுதுன்னு எழுதியிருந்தீங்க, ஆனா அது சிரிப்பே இல்ல சார், அதோட வாய் அமைப்பே அப்படி, நோய்ல கிடந்தாலும் செத்தே போனாலும் அந்த முகம் அப்படியேதான் இருக்கும், அத பாத்துட்டு அது சந்தோஷமா இருக்குன்னு நம்பி நாம கைதட்டிட்டு வர்றோம்.

அமெரிக்காவுல டோக்கிட்டேன்னு ஒரு ஓர்கா இருந்துச்சு, ஷோவுக்காக லோலிட்டான்னு பேர் வச்சிருந்தாங்க. 1970 ஆகஸ்ட்ல வாஷிங்டன் மாநிலத்துல பென் கோவ்ங்கற இடத்துல படகுல துரத்தி, தண்ணிக்குள்ள வெடி போட்டு, கூட்டத்தையே வளைச்சு வலை கட்டி, தாய்ங்க கிட்டேர்ந்து குட்டிங்கள பிரிச்சு எடுத்தாங்க. வலையில சிக்கி செத்த குட்டிங்களோட வயித்த கிழிச்சு உள்ள கல்ல போட்டு கடலுக்கடியில இறக்கிட்டாங்க, அப்புறம் அதுங்க கரை ஒதுங்கினப்பதான் ஜனங்களுக்கே விஷயம் தெரிஞ்சுது. பிடிபட்ட டோக்கிட்டே மயாமி நகரத்துல ஷோ நடத்தற ஒரு பார்க்குக்கு போச்சு. 80 அடி நீளம், 35 அடி அகலம், ரொம்ப ஆழமான இடத்துல 20 அடி, இதான் டேங்க், அதோட உடம்பு நீளமே கிட்டத்தட்ட 20 அடி. கூட ஹியூகோன்னு ஒரு ஆண் ஓர்கா இருந்துச்சு, அது சுவத்துல தலைய திரும்ப திரும்ப முட்டிக்கிட்டு இருந்துச்சு, 1980ல செத்துப்போச்சு. அதுக்கப்புறம் 43 வருஷம் டோக்கிட்டே இன்னொரு ஓர்காவ பாக்கவே இல்ல. 2023ல அத கடலுக்கு திருப்பி கொண்டு போகலாம்னு ஒரு வழியா ஏற்பாடு ஆரம்பிச்சாங்க, அந்த ஆகஸ்ட்லயே செத்துப்போச்சு. அந்த வகை ஓர்காங்க ஆணோ பொண்ணோ வளந்த பிறகும் அம்மா கூடவேதான் சுத்தும், ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனித்தனி கூப்பாடு உண்டு. அப்படிப்பட்ட ஜீவன 53 வருஷம் அடைச்சு வச்சதுக்கு என்ன காரணம் சொல்ல முடியும்? டிக்கெட் வித்துச்சு, அவ்வளவுதான்.

வேளாவேளைக்கு மீனு, டாக்டரு, வடிகட்டுன தண்ணி, நல்லாதானே பாத்துக்கறாங்கன்னு சொல்றவங்க இருக்காங்க. ட்ரெய்னருங்கள்ல பல பேர் அந்த மிருகங்க மேல உசிரையே வச்சிருக்காங்க, அத நான் மறுக்கல. ஆனா கடல்ல ஒரே நாள்ல 100 கிலோமீட்டருக்கு மேல நீந்தற உடம்புக்கு டேங்க எவ்வளவு பெருசா கட்டினாலும் பத்துமா? டால்பினும் ஓர்காவும் சத்தம் அனுப்பி அதோட எதிரொலிய கேட்டுதான் எதிர்ல என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்குது, அதுக்கு நாலு பக்கமும் கான்கிரீட் சுவத்த கட்டி, மேல ஸ்பீக்கர்ல பாட்ட அலறவிட்டு, அதுக்கு நடுவுல குதிக்க சொல்றோம். செய்ய வேற எதுவும் இல்லாம அதுங்க சுவத்தையும் இரும்பு கேட்டையும் கடிக்குது, பல்லு உடைஞ்சு தேஞ்சு போகுது, அப்புறம் பல்லுல ஓட்ட போட்டு தினம் தினம் மருந்து தண்ணி விட்டு கழுவறாங்க. 2017ல வெளியான ஒரு ஆய்வுல, அடைச்சு வச்சிருக்கற 29 ஓர்காவோட பல்ல பாத்திருக்காங்க, ஒண்ணுக்கு கூட பல்லு முழுசா நல்லா இல்ல. வளந்த ஆண் ஓர்காவோட முதுகு துடுப்பு கடல்ல ஆளுயரத்துக்கு நிமிந்து நிக்கும், டேங்குல இருக்கறதுக்கு ஒரு பக்கமா சாஞ்சு தொங்கும். உங்க கட்டுரைக்கு மேல போட்ட படத்துலயே அது தெரியுது, திருப்பி ஒரு தடவ பாருங்க.

திலிகம்ங்கற ஓர்காவ 1983ல ஐஸ்லாந்து கடல்ல பிடிச்சப்ப அதுக்கு சுமார் 2 வயசு. 1991, 1999, 2010ன்னு மூணு மனுஷங்க சாவுல அதுக்கு சம்பந்தம் இருந்துச்சு, அதுல ரெண்டு பேர் ட்ரெய்னருங்க. கடல்ல சுதந்திரமா திரியற ஓர்கா ஒரு மனுஷன கொன்னதா இதுவரைக்கும் பதிவே கிடையாது. அப்ப தப்பு அந்த மிருகத்து மேலயா? 2010க்கு அப்புறமும் அத திருப்பி ஷோவுல இறக்கினாங்க, 2017ல சாகற வரைக்கும் அது டேங்குலதான் கிடந்துச்சு.

குழந்தைங்களுக்கு அறிவு வளரும், இனத்த காப்பாத்தறோம்னு சொல்றதுதான் எனக்கு ரொம்ப கோவம் வருது. ஓர்கா குட்டிய ஒன்றரை வருஷம் சுமக்கும்ங்கற மாதிரி சில விஷயங்கள டேங்குல இருந்ததாலதான் சரியா அளந்து தெரிஞ்சுக்க முடிஞ்சுதுங்கறது உண்மை, அத ஒத்துக்கறேன். ஆனா மீனுக்காக பந்த மூக்குல தட்டற டால்பின பாத்து குழந்தை என்ன கத்துக்கும்? ஷோக்கள்ல இருக்கற பாட்டில்மூக்கு டால்பின் ஒண்ணும் அழியப்போற இனமும் இல்ல. நிஜமாவே அழியப்போற வகிட்டாவ, அதான் மெக்சிகோ கடல்ல இருக்கற, டால்பின் மாதிரியான சின்ன கடல் பன்றி, காப்பாத்தறதுக்காக 2017ல பிடிச்சாங்க, பிடிச்ச பெண் வகிட்டா ஒண்ணு சில மணி நேரத்துலயே செத்துப்போச்சு, அதோட அந்த திட்டத்தையே நிறுத்திட்டாங்க.

ஜப்பான்ல தைஜின்னு ஒரு ஊரு. படகுலேர்ந்து இரும்பு குழாய தண்ணிக்குள்ள விட்டு தட்டி தட்டி, அந்த சத்தத்துல பயந்து ஓடற டால்பின் கூட்டத்த கரையோரமா ஒதுக்கி, ஷோவுக்கு ஏத்தத தனியா எடுத்துட்டு பல கூட்டங்கள்ல மிச்சத்த கறிக்கு வெட்டறாங்க. உயிரோட விக்கற டால்பினுக்கு கறிய விட பல மடங்கு விலை. ஷோவுக்கு போறவங்க அத பாத்தா டிக்கெட் வாங்குவாங்களா?

இந்தியா 2013லயே டால்பின் ஷோவுக்கு தடை போட்டுருச்சு, கனடா 2019ல, பிரான்ஸ் 2021ல சட்டம் கொண்டு வந்துச்சு. சந்தோஷம்தான், ஆனா ஷோவ மூடினா வேலை முடிஞ்சுதுன்னு விட்டுட முடியாது. பிரான்ஸ்ல ஆன்டீப்ங்கற ஊர்ல இருந்த பார்க் 2025 ஜனவரியில மூடினாங்க, விக்கின்னு ஒரு தாய் ஓர்காவும் அதோட பிள்ளை கெய்ஜோவும் மூடின பிறகும் மாசக்கணக்கா அதே டேங்குல, ஆளில்லாத இடத்துல கிடந்துச்சு. அதே வருஷம் கனடாவுல மூடின ஒரு பார்க்ல 30 பெலுகா திமிங்கலம் மாட்டிக்கிச்சு, சீனாவுக்கு அனுப்ப அரசாங்கம் அனுமதி தரல, பணம் இல்ல, கருணைக்கொலைதான் பண்ணணும்னு பார்க் தரப்புலேர்ந்து சொன்னாங்க. டேங்குல பிறந்தத அப்படியே கடல்ல விட்டா வேட்டையாட தெரியாம செத்துப்போகும். ஐஸ்லாந்துல செஞ்ச மாதிரி கடலோரத்துல வலை அடைச்ச சரணாலயம் கட்டலாம், 2019ல சீனாவுலேர்ந்து ரெண்டு பெலுகாவ அங்க கொண்டு போனாங்க, அதுவும் லேசுல முடியற காரியமா இல்ல, நிறைய செலவும் பொறுமையும் வேணும். அந்த செலவ இத்தன வருஷமா அதுங்கள வச்சு சம்பாதிச்சவங்கதான் ஏத்துக்கணும், புதுசா குட்டி போட வைக்கறத இன்னைக்கே நிறுத்தணும்.

உங்க கிட்ட ரெண்டு கோரிக்கை. அடுத்த தடவ இந்த மாதிரி ஷோவ பத்தி எழுதினா, அங்க இருக்கற ஒவ்வொரு மிருகமும் எங்க பிடிச்சது, எத்தன வருஷமா உள்ள இருக்கு, இதுவரைக்கும் எத்தன செத்துச்சுன்னு அந்த நிர்வாகத்த கேட்டு அதையும் சேத்து போடுங்க, பதில் சொல்லலன்னா சொல்லலன்னே போடுங்க. ரெண்டாவது, மூடின பார்க்குகள்ல மிச்சம் இருக்கற மிருகங்களோட நிலைமைய பத்தி ஒரு முழு பக்கம் எழுதுங்க.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்