நாயைக் கூட்டிக்கொண்டு போகலாமா?

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் அத்தானும் பிள்ளைகளும் நலம்தானே?

போன ஞாயிற்றுக்கிழமை போனில் ஒரு கேள்வி கேட்டாய். "நாடக டீச்சர் என்றால் ஆண்டு விழாவுக்கு ஒரு டிராமா போட்டுக்கொடுக்க வேண்டும், அவ்வளவுதானே? மீதி நாளெல்லாம் பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்னதான் செய்கிறாய்?" நான் ஏதோ சொல்லி மழுப்பிவிட்டேன். 20 வருடமாக வகுப்பில் நிற்கிறவள் நீ. உனக்கு அந்தப் பதில் போதாது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இங்கே என் வகுப்பறையில் பெஞ்சும் இல்லை, கரும்பலகையும் இல்லை. நாலு சுவரும் தரையும் கறுப்பு. தலைக்கு மேல் இரும்புக் குழாய்களில் விளக்குகள் தொங்கும். பிளாக் பாக்ஸ் என்பார்கள். பிள்ளைகள் ஷூவை வாசலில் விட்டுவிட்டு வந்து தரையில் வட்டமாக உட்காருவார்கள். ஆறாம் வகுப்பில் 18 பேர், வீட்டில் பேசுகிற மொழி 11. அப்பாவுக்கோ அம்மாவுக்கோ வேலை மாறும்போதெல்லாம் கூடவே நாடு மாறுகிறவர்கள். 12 வயதுக்குள் நாலு பள்ளிக்கூடம் பார்த்தவர்கள்கூட உண்டு. யாரிடமும் ரொம்ப ஒட்டிக்கொள்ளாமல் இருக்கப் பழகிவிட்டார்கள். வந்த புதிதில் நானும் அப்படித்தான் இருந்தேன். அதனால் அவர்களை எனக்குச் சட்டென்று புரிந்தது.

அதில் ஒரு பெண், வருடத்தின் நடுவில் வந்து சேர்ந்தவள். 7 வாரம் என் வகுப்பில் ஒரு வார்த்தை பேசவில்லை. விளையாடுவாள், சொன்னதைச் செய்வாள், வாயை மட்டும் திறக்க மாட்டாள். மற்ற டீச்சர்களும் அதையேதான் சொன்னார்கள்.

அந்தச் சமயத்தில் ஒரு கதை எடுத்தோம். அணை கட்டப் போகிறார்கள், ஒரு கிராமம் தண்ணீருக்குள் போகப் போகிறது. பிள்ளைகள்தான் ஊர்க்காரர்கள். முதல் நாள் பெரிய தாளில் ஊரை வரைந்தோம். யார் வீடு எங்கே, கிணறு எங்கே, யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்பதுவரை அவர்களே முடிவு செய்தார்கள். மறுநாள் நான் கழுத்தில் ஒரு அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு, கையில் காகிதத்தோடு, அதிகாரியாக உள்ளே வந்தேன். 30 நாளில் காலி செய்ய வேண்டும், வீட்டுக்கு மூன்று பெட்டிதான் என்று படித்தேன். ஒரே கூச்சல். போக மாட்டோம் என்றார்கள், அணையை வேறு இடத்தில் கட்டு என்றார்கள்.

அப்போது அவள் எழுந்தாள். "நாயைக் கூட்டிக்கொண்டு போகலாமா?"

டீச்சராக இருந்தால் உடனே தாராளமாகக் கூட்டிப் போ கண்ணு என்றிருப்பேன். ஆனால் அதிகாரியாக அல்லவா நிற்கிறேன். காகிதத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இதில் நாயைப் பற்றி ஒன்றும் எழுதவில்லையே" என்றேன். அவள் வட்டத்தைக் கடந்து நடந்து வந்தாள். ஊர்ப்படத்துக்குப் பக்கத்தில் கிடந்த ஸ்கெட்ச் பேனாவை எடுத்தாள், மூடியைக் கழற்றினாள், என்னிடம் நீட்டினாள். "அப்படியென்றால் இப்போது எழுதுங்கள்."

எழுதினேன். எழுதி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்று, ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டுத்தான் போய் உட்கார்ந்தாள். உடனே ஒரு பையன், "எங்கள் பாட்டியின் கல்லறை?" என்றான். மணி அடிப்பதற்குள் அந்தக் காகிதத்தின் இரண்டு பக்கமும் நிரம்பிவிட்டது.

அக்கா, இதற்கு மேடையும் வேண்டாம், மேக்கப்பும் வேண்டாம். ஆசிரியரே ஒரு பாத்திரமாக உள்ளே இறங்குகிற இந்த முறையை வளர்த்தெடுத்தவர் டோரதி ஹீத்கோட் என்ற இங்கிலாந்துக்காரர். 1926இல் பிறந்தவர். 14 வயதில் படிப்பை விட்டுக் கம்பளி மில் வேலைக்குப் போனவர். பின்னாளில் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் எத்தனையோ ஆசிரியர்களை உருவாக்கினார். பிள்ளைகளை நடிக்க வைத்து அழகு பார்ப்பது அவருக்கு நோக்கமில்லை, ஒரு சிக்கலின் நடுவில் நிறுத்தி யோசிக்க வைப்பதுதான். சாதாரண வகுப்பில் நாம் கேட்கிற கேள்விக்கு விடை நமக்கு முன்பே தெரியும், அது பிள்ளைகளுக்கும் தெரியும். அந்த அதிகாரிக்கு நாயை என்ன செய்வதென்று தெரியாது. தன் பேச்சு தேவைப்படுகிறது என்று தெரிந்ததும் அவள் பேசிவிட்டாள்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், இதில் நான் ரொம்ப உறுதியாக இருக்கிறேன். அவளுக்கு நிஜமாகவே ஒரு நாய் இருந்ததா, விட்டுவிட்டு வந்தாளா என்று நான் கேட்கவே இல்லை. பேசியவள் ஊர்க்காரி. அந்த மறைவு இருந்ததால்தான் அவளால் பேச முடிந்தது. அதை விலக்கிப் பார்க்க ஒரு டீச்சருக்கு உரிமை கிடையாது. சொல்ல வேண்டும் என்று தோன்றினால் அவளே சொல்வாள். முடிந்ததும் அட்டையைக் கழற்றிவைத்துவிட்டு, "இப்போது நான் உங்கள் டீச்சர்" என்று சொல்லி, கொஞ்ச நேரம் பொதுவாகப் பேசிவிட்டுத்தான் அனுப்புவேன். அதை ஒருநாளும் தவற விடுவதில்லை.

சரி, பெரிய பிள்ளைகள் கதைக்கு வருகிறேன். கடைசி இரண்டு வருடம் ஐபி டிப்ளமா, அதாவது இன்டர்நேஷனல் பக்கலோரியட் என்ற பன்னாட்டுப் பள்ளிப் படிப்பு. 1968இல் ஜெனீவாவில் தொடங்கிய திட்டம். அதில் இயற்பியல், வரலாறு மாதிரி நாடகமும் ஒரு பாடம். உட்கார்ந்து எழுதுகிற பரீட்சை கிடையாது. ஒரு நாடகப் பிரதியை எப்படி மேடையேற்றுவேன் என்று திட்டம் எழுத வேண்டும், குழுவாகச் சேர்ந்து புதிதாக ஒன்றை உருவாக்க வேண்டும், அப்புறம் தனக்குப் பழக்கமில்லாத ஒரு நாடக மரபை எடுத்து ஆராய்ந்து, உடம்பால் செய்தும் காட்ட வேண்டும்.

இந்த வருடம் ஒரு பையன் ஜப்பானின் நோ நாடகத்தை எடுத்தான். 600 வருடத்துக்கு மேற்பட்ட மரபு. அதில் ஒரு நடை இருக்கிறது, சுரியாஷி என்று பெயர். பாதம் தரையை விட்டு எழும்பாமல் வழுக்கிக்கொண்டே போக வேண்டும், தலை ஏறி இறங்கக் கூடாது. அவன் கால்பந்து ஆடுகிறவன், நின்ற இடத்தில் நிற்க மாட்டான். மூன்று வாரம் தினமும் சாயங்காலம் வெள்ளை சாக்ஸோடு, தலையில் ஒரு நோட்டை வைத்துக்கொண்டு, அந்தக் கறுப்புத் தரையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தான். "மெதுவாக நடப்பதற்கு இவ்வளவு பலம் வேண்டும் என்று தெரியாமல் போயிற்று மிஸ்" என்றான். ஒரு மரபை மதிப்பது என்றால் என்னவென்று நான் பாடம் எடுத்து அவனுக்குப் புரிய வைத்திருக்க முடியாது.

ஒன்பதாம் வகுப்பில் பிரேசில்காரர் அகஸ்டோ போவால் உருவாக்கிய ஃபோரம் தியேட்டர் செய்கிறோம். அநியாயம் ஜெயிக்கிற ஒரு காட்சியை முழுக்க நடித்துக் காட்டுவோம். இரண்டாம் முறை நடிக்கும்போது பார்ப்பவர்களில் யார் வேண்டுமானாலும் "நிறுத்து" என்று சொல்லி, மேடைக்கு வந்து, பாதிக்கப்பட்டவரின் இடத்தில் நின்று வேறு மாதிரி செய்து பார்க்கலாம். புதிதாக வந்த மாணவியைக் குழுவில் சேர்த்துக்கொள்ளாத காட்சி ஒன்றை எடுத்தோம். ஐந்து பேர் வந்து முயற்சி செய்தார்கள், ஐந்தும் தோற்றது. அதைப் பற்றி அவர்கள் அரை மணி நேரம் பேசினார்களே, அதற்காகவே நான் இந்த வேலையில் இருக்கிறேன்.

ஆண்டு இறுதியில் பெரிய நாடகமும் உண்டு. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நாலு பேர் ஜொலிக்க, மீதி 40 பேர் பின்னால் மரமாக நிற்கிற நாடகத்தை நான் போடுவதில்லை என்று முதல் வருடமே சொல்லிவிட்டேன். விளக்கு, ஒலி, உடை, மேடையில் பயன்படுத்தும் பொருட்கள் எல்லாம் பிள்ளைகள் கையில்தான். இந்த வருடம், நாயைப் பற்றிக் கேட்டாளே அந்தப் பெண், மேடையேற வேண்டாம் என்றாள். சரி என்று ஸ்டேஜ் மேனேஜருக்குத் துணையாகப் போட்டேன். காதில் ஹெட்செட், முன்னால் சின்ன நீல விளக்கு, அதன் கீழே ஒவ்வொரு க்யூவையும், அதாவது விளக்கோ ஒலியோ மாற வேண்டிய இடத்தை, பென்சிலால் குறித்த பிரதி. இரண்டாம் நாள் முழுக்க அவளையே க்யூ கொடுக்கச் சொன்னோம். "லைட் 14, ஸ்டாண்ட் பை." நிறுத்துவாள். நடிகன் திரும்புகிற அந்த நொடிக்காகக் காத்திருப்பாள். "கோ." அவள் சொன்ன பிறகுதான் அரங்கம் இருளும். கதவோரம் நின்று நான் மேடையைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உன் வகுப்பில் 45 பேர், பெஞ்சை நகர்த்தக்கூட இடமில்லை என்பாய். நகர்த்த வேண்டாம் அக்கா. ஒரு துண்டோ, ஒரு கண்ணாடியோ, ஏதாவது ஒரு பொருளை எடுத்துக்கொள். அதைப் போட்டால் நீ வேறு ஆள், கழற்றினால் டீச்சர் என்று முதலிலேயே சொல்லிவிடு. வெளியே போய், உனக்கே விடை தெரியாத ஒரு சிக்கலோடு உள்ளே வா. அவர்களிடம் உதவி கேள். அப்புறம் அவசரப்பட்டு அந்த அமைதியை நிரப்பிவிடாதே, கொஞ்சம் காத்திரு.

யார் முதலில் எழுந்தார்கள், என்ன கேட்டார்கள் என்று எனக்கு எழுது.

உன் அன்புத் தங்கை