காணும் பொங்கலுக்கு மறுநாள் கைகொடுத்தவர்களுக்கு

பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையில் அன்று காலை எங்களோடு குப்பை பொறுக்கக் குனிந்து நிமிர்ந்த அனைவருக்கும் வணக்கம்.

நாங்கள் பதினாறு பேர், ஒரே தெருக்காரர்கள். புதுக் கையுறை, புதுத் தொப்பி, கட்டுக் கட்டாகக் கோணிப்பை என்று ஆறு மணிக்கே வந்து, ஷ்மிட் நினைவுச்சின்னத்தின் முன் நின்று முதலில் படம் எடுத்துக்கொண்டோம். 1930-ல் கடலில் தத்தளித்தவரைக் காப்பாற்றப் போய் உயிரைவிட்ட டென்மார்க் மாலுமிக்காக எழுப்பியது அது. அதன் அடியில் ஐஸ்கிரீம் கிண்ணங்கள் குவிந்திருந்தன. மணலெங்கும் கரும்புச் சக்கை, தண்ணீர்ப் பாட்டில், ஜோடி பிரிந்த செருப்புகள்.

முதல் நன்றி, எங்களைத் தடுத்து நிறுத்திய தூய்மைப் பணியாளர் அம்மாவுக்கு. கார் நின்ற இடத்திலிருந்தே பொறுக்கத் தொடங்கியிருந்தோம். "காலையில் காற்று கரையிலிருந்து கடலுக்கு அடிக்கிறது சார். நீங்கள் இங்கே குனிந்திருக்கும்போதே அங்கே கவரெல்லாம் தண்ணீருக்குப் போய்விடும். அலையோரத்திலிருந்து மேலே வாருங்கள்" என்றீர்கள். இருபது வருடமாக இதே கடற்கரையில் நடக்கிறேன். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று ஒரு நாளும் கவனித்ததில்லை. பனி ஈரம் காயாத மணலைச் சலித்தால் சல்லடைக் கண் அடைத்துக்கொள்ளும், வெயில் ஏறட்டும் என்றதும் நீங்கள்தான். உங்களுக்கு உதவ வந்ததாக நினைத்துக்கொண்டிருந்தோம். அந்த நினைப்பை நீங்கள் சிரிக்காமல் பொறுத்துக்கொண்டதற்கும் சேர்த்து நன்றி.

ஊரூர் ஆல்காட் குப்பத்து மீனவர் ஒருவர் பழைய வலைத்துண்டுகளைக் கொடுத்தார். எங்கள் கோணியில் குப்பையைவிட மணல்தான் கனத்துக்கொண்டிருந்தது. வலையில் அள்ளி இரண்டு உதறு உதறினால் மணல் கீழே, பாட்டில் மேலே. அடையாறு முகத்துவாரம் பக்கத்திலேயே இருப்பதால், மழைக்காலத்தில் ஊர்க் குப்பையெல்லாம் ஆற்றோடு வந்து அவர்கள் வலையில்தான் ஏறுகிறதாம். பொங்கலுக்கு ஒரு நாள் வரும் நமக்கு இது தெரிய நியாயமில்லை.

குப்பத்துக் கொத்தனாரின் சல்லடை இல்லாவிட்டால் பத்து மணிக்கே வேலை முடிந்ததாகக் கைகழுவியிருப்போம். கண்ணுக்கு மணல் பளிச்சென்றுதான் இருந்தது. சலித்துப் பார்த்தால் ஷாம்பு பாக்கெட்டின் கிழித்த மூலைகள், பாட்டில் மூடிகள், தெர்மோகோல் மணிகள், பீர் பாட்டில் சில்லுகள், சிகரெட்டுத் துண்டுகள். சிகரெட்டின் அடிப்பகுதி பஞ்சு என்றே இத்தனை காலமும் நம்பியிருந்தேன். அதுவும் பிளாஸ்டிக் இழைதான் என்று சொன்னவர், ஆமைக் குழுவைச் சேர்ந்த மாணவி. 1988 முதல் இந்த மாதங்களில் நீலாங்கரைப் பக்கமிருந்து பெசன்ட் நகர் வரை இரவில் ஆமை முட்டை தேடி நடக்கும் குழு அது. விடிய விடிய நடந்த கால்களோடு எங்களுக்காக இரண்டு மணி நேரம் நின்றார். பங்குனி ஆமை ஒன்றரை அடி ஆழம் குழி தோண்டி நூறு முட்டைக்கு மேல் இடும் மணல் இது. அதற்குப் பிறகு கண்ணாடிச் சில்லுகளை யாரும் அவசரமாகப் பொறுக்கவில்லை.

ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. சட்டம் இருக்கிறது; தெருமுனைக் கடையில் கேட்டால் கவரும் இருக்கிறது. போகட்டும், இது நன்றி மடல்.

காசு வாங்க மறுத்த தேநீர்க் கடைக்காரருக்கும், கண்ணாடிக் கோப்பையில்தான் தருவேன் என்று நின்றதற்கும் நன்றி. பத்தரை மணிக்கு எங்களில் பதினொரு பேர் இளநீர் குடிக்கக் கிளம்பினோம். அம்மா, நீங்கள் அடுத்த பகுதிக்குப் போனீர்கள்.

கொத்தனார் ஐயாவுக்கு ஒரு செய்தி: உங்கள் சல்லடை என் வீட்டு மாடிப்படிக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது. ஒரு மூலையில் கம்பி விட்டுப்போயிருந்தது, முறுக்கிக் கட்டிவிட்டேன். ஞாயிறு காலை கொண்டுவந்து தருகிறேன்.